பூனைக்கண்ணனுக்கு ரெண்டாவது தொழில்

ஆனி 19, வியாழன்

முருகன் துணை.

கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன். கீர்த்தனா வண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரு மாசத்துக்கு மேல் அந்தக் காலை ஊன்றக் கூடாதாம். அண்ணன் மகள். இவர்கள் அம்மா போன நாளிலிருந்து இவளையும் தம்பி மதுவையும் வளர்த்தது நான்தான். நான் வராமல் வேறு யார் வருவார்கள்? காங்கேயத்தில் வீட்டையும் எண்ணெய் மில்லையும் அண்ணன் பார்த்துக்கொள்வார்.

பிளாட்டில் பூஜை அறை இல்லை. மிக்ஸிக்கு மேலே இருந்த அலமாரியைக் காலி பண்ணி முருகனையும் செல்லாண்டியம்மனையும் வைத்தேன். கீழே மிக்ஸி ஓடினால் மேலே சாமி படம் நடுங்குகிறது. மன்னிக்கணும்.

பேச ஆளில்லை. இவள் நாளெல்லாம் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஏதோ கேட்கிறாளே என்று பதில் சொன்னால், "உங்களை இல்லீங்க அத்தை" என்கிறாள். அதனால்தான் இந்த நோட்டில் பேசுகிறேன்.

மது எங்கே இருக்கிறான் என்று இவளுக்குத் தெரியும். பங்குனியில் ஒருநாள் மில் சாவியை அண்ணன் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவன்தான். சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். எனக்கும் போன் பண்ணவில்லை, அண்ணனுக்கும் பண்ணவில்லை. சாப்பிடும்போது மெதுவாக, "ஓசூர்ப் பக்கமெல்லாம் இப்ப மழையா அம்மிணி?" என்று கேட்டேன்.

"எந்த ஊருன்னு நான் சொல்லவே இல்லீங்களே அத்தை" என்றாள்.

ரசம் ஊற்றினேன்.

ஆனி 22, ஞாயிறு

இன்று இந்த வீட்டில் ஒரு கூத்து.

மத்தியானம் கீர்த்தனாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஹாரூன் என்று ஒரு பையன், உக்கடத்தில் மரக்கடைக் குடும்பம். ஜென்சி என்று ஒரு பெண், இவளோடு வேலை பார்ப்பவள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கட்டம் போட்ட பெரிய தாளை விரித்தார்கள். அதன்மேல் சுண்டுவிரல் உயரத்தில் பொம்மைகள். அப்புறம் தாயக்கட்டைகள். நம் ஊர்த் தாயக்கட்டை இல்லை, ஒன்றுக்கு இருபது முகம்.

கீர்த்தனா கதை சொல்கிறாள். ஒரு காடு, ஒரு பாழடைந்த கோட்டை, அதற்குள் என்னவோ. மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஓர் ஆள். ஹாரூனுக்குப் போர்வீரன், ஜென்சிக்கு மந்திரக்காரி. தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்னது விழுந்தால் நடக்காது.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. எங்கள் செல்லாண்டியம்மனிடம் பூ கேட்பதும் இதே மாதிரிதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, அதில் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணமோ கிணறோ, எங்கள் வீட்டில் பூ கேட்காமல் ஒன்றும் செய்ததில்லை. கேட்பது நான்தான்.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது யாருக்கு என்று கேட்டேன்.

"மதுவோடதுங்க அத்தை" என்றாள் கீர்த்தனா. "மூணு வருசமா ஒரு ஞாயிறு விடாம வந்தான்."

மில்லுக்குச் சாமான் வாங்க வாராவாரம் கோயம்புத்தூர் போகிறான் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பையனுக்குத் தொழிலில் அக்கறை வந்துவிட்டது என்று அண்ணன் சந்தோஷப்பட்டார்.

மதுவின் ஆள் ஒரு திருடன். பேர் பூனைக்கண்ணன். அவனுடைய பலம், பலவீனம், பை, கயிறு எல்லாம் எழுதின தாளை எடுத்துக் காட்டினார்கள். நடுவில் மதுவே வரைந்த படம். ஒல்லியான ஆள், தோளில் கயிறு, வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் சிரிப்பு, கண் பூனை மாதிரியே. மது நன்றாக வரைவான். அந்தப் படிப்புக்கு எங்கேயோ வடக்கே இடம் கிடைத்ததென்று ஒரு தடவை என் முன்னால் வந்து நின்றான். மில்லிலேயே இருக்கட்டுமா என்று அம்மனிடம் பூ கேட்டோம். வெள்ளை வந்தது. இருந்தான்.

"ஆள் பத்தலீங்க அத்தை" என்றான் ஹாரூன். "கோட்டை வாசல்ல ரெண்டு மாசமா நின்னுட்டு இருக்கோம். பூட்டைத் திறக்க ஆளில்லை. நீங்க உக்காருங்க."

"திருட்டுப் பொழப்பு எனக்கு வேண்டாஞ்சாமி."

"கதைக்குத்தானுங்க."

"கதையில திருடுனாலும் திருட்டுத்தான தம்பி?"

ஆனாலும் உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்த நாற்காலி.

ஆனி 23, திங்கள்

ஒரு சாயங்காலம் திருடனாக இருந்ததற்கு இரண்டு தீபம் கூடுதலாகப் போட்டேன். அவரைக்காய்ப் பொரியல், புளிக்குழம்பு.

ஆனி 29, ஞாயிறு

காவல்காரன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன்! கட்டையில் பத்தொன்பது விழுந்தது. ஹாரூன் எழுந்து நின்று கை தட்டினான். "அத்தை, போன ஜென்மத்துல என்ன பண்ணீட்டு இருந்தீங்க?" என்கிறான். வாயை மூடு தம்பி என்றேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

காவல்காரனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறதா, சாவி தொலைந்ததற்கு அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். அதெல்லாம் கதையில் யோசிக்கவில்லை என்றாள் கீர்த்தனா. யோசிக்காமல் எப்படிக் கதை சொல்கிறாள்? அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று நானே வைத்துக்கொண்டு, கோட்டை வாசலைத் திறந்ததும் சாவியைத் திரும்ப அவன் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

விஷயம் அதுவல்ல. விளையாட்டு முடிகிற நேரத்தில் கீர்த்தனாவுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமாண்டா, அத்தைதான். பூனைக்கண்ணன் இப்ப அத்தை கையிலதான்" என்று சொல்லி, போனை என் பக்கம் திருப்பினாள்.

மது சிரிக்கிற சத்தம். அவ்வளவுதான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சிரித்தான். சின்ன வயசில் ஊஞ்சலில் வேகமாகத் தள்ளினால் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

முருகா, ஒரு வழி திறந்திருக்கிறாய்.

ஆடி 4, ஞாயிறு

பூனைக்கண்ணன் ஒரு லெவல் ஏறிவிட்டான். பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவது போல.

"இப்ப ரெண்டு வழி இருக்குதுங்க அத்தை" என்றாள் கீர்த்தனா. "திருட்டுலயே இன்னும் கெட்டிக்காரன் ஆகலாம். இல்லாட்டி ரெண்டாவதா ஒரு க்ளாஸ் எடுக்கலாம். க்ளாஸ்னா தொழிலுன்னு வெச்சுக்கோங்க."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "வீரன் ஆக்கீடுங்க, என் பக்கத்துல நின்னு ரெண்டு போடு போடலாம்" என்றான் ஹாரூன். ஜென்சி, "மந்திரம் கத்துக்கட்டும் ஆன்ட்டி, கண்ணுக்குத் தெரியாம மறையலாம், திருடனுக்கு அதுதான் பொருத்தம்" என்றாள். இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வேட்டைக்காரன், பாட்டுக்காரன், பூசாரி என்று அடுக்கினாள் கீர்த்தனா.

"பூசாரி ஆகலாமா?"

"ஆகலாம். ஆனா அவனுக்கு ஒட்டாதுங்க அத்தை. பூசாரின்னா ஒரு சாமிக்குச் சத்தியம் பண்ணோணும், அப்பத்தான் அந்தச் சாமி சக்தி கொடுக்கும். சத்தியத்தை மீறுனா சக்தி போயிரும். திருடனுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? அதுவுமில்லாம மது இவனுக்கு ரெண்டாவது எதுவுமே எடுக்கலை. ஒவ்வொரு லெவலுக்கும் கேட்டேன், வேண்டாம்னுட்டான். அவனை ஒரு வார்த்தை கேட்டுரலாங்களா?"

"அவன் கொழந்தை. அவனுக்கு என்ன தெரியும்?"

"இருபத்தாறு வயசுங்க அத்தை."

"கேக்க வேண்டிய எடத்துல நான் கேட்டுக்கறேன்" என்றேன்.

ஆடி மாசத்தில் புதுத்தொழில் ஆரம்பிக்கலாமா என்று ஒரு யோசனை. அந்த ஊரில் ஆடி கிடையாது என்று கீர்த்தனா சொன்னாள். கொடுத்து வைத்த ஊர்.

ஆடி 6, செவ்வாய்

பூ கேட்டேன். வெள்ளை வந்தது.

சின்னக் குழந்தை எடுப்பதுதான் முறை. இங்கே குழந்தைக்கு எங்கே போக? கண்ணை மூடி நானே எடுத்தேன்.

வெற்றிலை வாங்க இரண்டாம் முறை கடைக்குப் போக வேண்டியிருந்தது. "காலைலதானுங்க வாங்கீட்டுப் போனீங்க?" என்றார் கடைக்காரர். இந்த ஊர் வெற்றிலை மெல்லிசு, மடித்துப் பிரித்து மடித்தால் கிழிந்துவிடுகிறது என்றேன்.

மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அம்மன் படத்தில் கட்டினேன். தாயே, இந்தத் திருடனைத் திருத்தி உன் காலடியில் விடுகிறேன். என் பையனை நீ வீட்டு வாசலில் கொண்டுவந்து விடு. இவன் திருந்தினால் அவன் வருவான். எனக்கு அப்படித் தோன்றுகிறது.

கீர்த்தனா இன்று ஊன்றுகோலோடு பத்தடி நடந்தாள்.

ஆடி 11, ஞாயிறு

பூனைக்கண்ணன் பூசாரி ஆகிவிட்டான்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு குன்று, மேலே அணையாத விளக்கு, அதுதான் அங்கே சாமி. குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறினான் என்று நான் சொன்னேன். என்ன சத்தியம் பண்ணுகிறான் என்று கேட்டாள் கீர்த்தனா. யோசித்தே வைத்திருந்தேன். அடுத்தவர் பூட்டைத் தொடமாட்டேன், அடுத்தவர் பொருளை எடுக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன்.

"அத்தை!" ஹாரூன் தலையில் கை வைத்தான். "பூட்டைத் தொடலீன்னா நாங்கெல்லாம் எப்படிங்க இன்னும் உள்ள போறது?"

"கதவைத் தட்டுங்க தம்பி. மனுசன்னா தட்டித்தான் போகோணும்."

"உள்ள இருக்கறது அரக்கனுங்க!"

"அரக்கனா இருந்தாலும் அவன் வீடுதானே?"

ஜென்சி சிரித்துச் சிரித்து இருமினாள். கீர்த்தனா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா யோசிக்கறீங்களா அத்தை? இந்த மேசையில ஒண்ணு நடந்துட்டா நடந்ததுதான்" என்றாள். உத்தரவு வந்தாகிவிட்டது என்றேன்.

எல்லோரும் போன பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பூசாரி ஆனவனுக்கு நெற்றி வெறுமையாக இருப்பதா? பேனாவை எடுத்து மூன்று கோடு திருநீற்றுப் பட்டை போட்டேன். நடுவில் ஒரு பொட்டு. முகத்துக்கே ஒரு களை வந்துவிட்டது.

ஆடி 16, வெள்ளி

கூழ் ஊற்றினேன். பக்கத்து பிளாட்டுக்காரர்கள் டப்பா கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். மது ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்! கீர்த்தனா இப்போதுதான் சொன்னாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. தாயே, நீ கேட்டுவிட்டாய்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், புளி, தயிர், நாலு சாதமும் கிளறினேன். தேங்காய்ப்பால் அவனுக்குப் பிடிக்கும் என்று தனியாக.

பதினோரு மணிக்கு வந்தான். மெலிந்திருக்கிறான். தாடி. "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று கேட்டுக் குனிந்து காலைத் தொட்டான். எப்போதும் தொடுவதுதான். நான் அழுதேன். "அழுகாதீங்க அத்தை, சாதத்துல விழும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நன்றாகச் சாப்பிட்டான். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்டான். நன்றாக இருக்கிறார், நீ இல்லாமல் மில்லில் ஒரு வேலையும் ஓடவில்லை என்றேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஹாரூனும் ஜென்சியும் வந்ததும் மேசை போட்டார்கள். மது தன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் அந்தத் தாளை இரண்டு கையாலும், தாம்பூலம் கொடுப்பது போலக் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நெத்தியில என்னங்க அத்தை?"

"திருநீறு கண்ணு."

"பேனாவுலயா?"

"பேனாவுலதான். அழியாது."

கட்டை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "உன்னைக் கேக்கலாம்னுதான் சொன்னேன்டா" என்றாள் கீர்த்தனா.

"பூ கேட்டேன் கண்ணு, வெள்ளை வந்துது" என்றேன்.

"எத்தனாவது தரத்துலீங்க அத்தை?"

கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டான். அடுப்பில் ரசம் இருக்கிறதென்று நான் உள்ளே போனேன். ரசம் இன்று வைக்கவே இல்லை.

"அன்னைக்கும் அப்படித்தான்" என்று அவன் சொன்னதும் காதில் விழுந்தது. எதைச் சொன்னான் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது விளையாட்டு ஆரம்பித்திருந்தது. கோட்டைக்கு அடியில் ஒரு நிலவறை. ஹாரூனின் வீரனும் ஜென்சியின் மந்திரக்காரியும் உள்ளே போனதும் இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. வெளியே நிற்பது பூனைக்கண்ணன் மட்டும்.

"திற மது, சீக்கிரம்" என்றான் ஹாரூன்.

"கதவைத் தட்டறேன்" என்றான் மது.

"டேய்!"

"என் ஆள் பூட்டைத் தொடமாட்டான். சத்தியம் இருக்குது. தட்டறேன்."

தண்ணீர் இடுப்புக்கு வந்ததென்று கீர்த்தனா சொன்னாள். மது கும்பிட்டான். விளக்குச் சாமியைக் கும்பிட்டுக் கட்டை போட்டான். மூன்று விழுந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது. ஜென்சி, "இந்தப் பொண்ணை நாலு வருசமா வெச்சிருக்கேன் மது, வெளையாடாத" என்றாள். மது மறுபடி கும்பிட்டான். மறுபடி சின்ன எண். தண்ணீர் கழுத்துக்கு வந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "திறந்துரு கண்ணு!" என்று கத்தினேன்.

"சத்தியமுங்க அத்தை."

"அது போச்சாது, போனாப் போகுது. சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ திற!"

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சத்தியம் பண்ணுனது நீங்க. முறிக்கறது மட்டும் நானுங்களா அத்தை?"

கீழே ரோட்டில் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

பிறகு அவனே கட்டையை எடுத்துப் போட்டான். பதினேழு. கதவு திறந்தது, இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஹாரூன் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டான். சத்தியம் முறிந்தது, குன்றின் மேலே விளக்கு அணைந்தது, பூனைக்கண்ணனுக்குச் சாமி கொடுத்த சக்தி போய்விட்டது என்று கீர்த்தனா சொன்னாள். விரல் நடுக்கம் வேறு வந்துவிட்டதாம். இனிமேல் பூட்டைத் திறப்பதும் பழையபடி வராது. திருடனும் இல்லை, பூசாரியும் இல்லை.

மது தாளை என் பக்கம் நகர்த்திவிட்டான். "இவன் இனி உங்க ஆளுங்க அத்தை" என்றான். பிறகு, யாரிடமென்று இல்லாமல், "எல்லாரும் ரெண்டாவது மூணாவதுன்னு எடுத்தாங்க. நான் இவனை அப்படியே விட்டு வெச்சிருந்தேன். இவன் ஒருத்தனையாச்சும் யாரும் திருத்தாம இருக்கட்டும்னு" என்றான்.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டான். தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டான். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்.

ஆடி 19, திங்கள்

மிச்சச் சாதம். மூன்று வேளையும்.

ஆடி 21, புதன்

ரப்பரால் அழித்துப் பார்த்தேன். போகவில்லை. பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். மை கண்ணுக்கு இறங்கியது. தாள் நெற்றியில் மெல்லிசாகி வெளிச்சம் தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

ஆடி 23, வெள்ளி

கீர்த்தனாவிடம் கேட்டேன். நான் ஒரு பைத்தியக்காரி, எனக்கு என்ன தெரியும், அந்தப் பூசாரி சமாசாரத்தை நடக்காத மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று. எல்லோரும் ஒத்துக்கொண்டால் அப்படிச் செய்வதுண்டு என்று சொல்லி, என் முன்னாலேயே மதுவுக்கு போன் போட்டாள்.

"வேண்டாங்க்கா" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நடந்துருச்சு. நடக்காத மாதிரி என்னால வெளையாட முடியாது."

"அத்தை ரொம்ப வருத்தப்படறாங்கடா."

"தெரியும்."

வைத்துவிட்டான். கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலுக்குச் செய்கிற பயிற்சிக்கு நேரமாகிவிட்டது, காலை நீட்டு என்றேன்.

சாயங்காலம் அண்ணன் பேசினார். "பையன் வந்தானாமே? எப்ப ஊட்டுக்கு வர்றானாம்?"

"நான் கேக்கலீங்கண்ணா."

"கேக்காம என்ன பண்ணுன? செரி உடு. அம்மன்கிட்டப் பூ போட்டுப் பாரு. வர்றானா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம்."

"பூ கெடைக்கலீங்கண்ணா" என்றேன்.

ஆடி வெள்ளி. தெரு முனையில் கூடை கூடையாகப் பூ. அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆடி 28, புதன்

அம்மன் படத்திலிருந்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். நான் சொன்னபடி திருத்திவிட்டேன், நீயும் வாசலில் கொண்டுவந்து விட்டாய். உன்மேல் குறை இல்லை தாயே. ரூபாயைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன். கோயிலில் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வெறுமனே நின்றேன். அப்படி நின்றது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்றே தெரியவில்லை, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

கீர்த்தனா கோல் இல்லாமல் சமையலறைவரை வந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் நான் ஊருக்குப் போகலாம்.

ஆவணி 1, ஞாயிறு

விளையாட்டுக்கு நான் வரவில்லை என்றேன். ஹாரூன் விடவில்லை. "நடுக்கம் புடிச்ச திருடனா இருந்தாலும் எங்க திருடனுங்க அத்தை" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். மேசை ஓரத்தில் கீர்த்தனாவின் லேப்டாப். அதில் மது. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், அதில் அவன் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. எந்த ஊர்ச் சுவரோ.

"புது ஆளோட வந்திருக்கானுங்க அத்தை" என்றாள் கீர்த்தனா. அந்தப் புது ஆளின் பேர் என்ன, தொழில் என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கதையில் ஓர் ஆறு வந்தது. அகலமான ஆறு, ஒரே ஒரு படகு. படகுக்காரன் மது. ஒவ்வொருவரையும் யாரென்று கேட்டு ஏற்றினான். வீரன் ஏறினான், மந்திரக்காரி ஏறினாள். பிறகு படகுக்காரன் என்னைக் கேட்டான்.

"நீங்க யாருங்க?"

என்ன சொல்வது? தாளைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் நீல மை.

"தெரியலீங்க" என்றேன். பூனைக்கண்ணன் பேசுவதாகத்தான் பேசினேன். "திருடனா இருந்தனுங்க. நல்ல திருடன். ஒருத்தங்க வந்து, நல்லது பண்றம்னு நெனச்சு, என்னையும் கேக்காம, என்னை வெச்சிருந்தவனையும் கேக்காம மாத்தீட்டாங்க. இப்ப ரெண்டும் இல்லீங்க."

திரையில் மது குனிந்துகொண்டான். தாடி மட்டும் தெரிந்தது.

"அவங்க இப்ப என்ன சொல்றாங்க?" என்று கேட்டான். படகுக்காரன்தான் கேட்டான்.

"ஒண்ணும் சொல்றதில்லீங்க. தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. திருப்பிக் குடுக்கறதுக்குத்தான் வழி தெரியலை."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஜென்சி எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் சொன்னான். "படகுல எடமில்லீங்க."

"இருக்குதே, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்குது" என்று ஹாரூன் ஆரம்பித்தான். கீர்த்தனா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். இருபது முகக் கட்டையை என் முன்னால் வைத்தாள். "கேட்டுப் பாருங்க அத்தை. நல்ல எண் வுழுந்தா அவன் மனசு எறங்கித்தான் ஆகோணும். அதுதான் ரூல்."

கட்டை குளுமையாக இருந்தது. எடுத்து அவள் பக்கமே வைத்துவிட்டேன்.

"வேண்டாம் அம்மிணி. அவர் இஷ்டமா சொன்னாச் சொல்லட்டும்."

மது நிமிர்ந்தான். என்னைப் பார்த்தானா, திரையில் வேறெதையோ பார்த்தானா, அந்தக் கண்ணாடிக்குள் தெரிவதில்லை.

"அடுத்த நடைக்கு வருவீங்களா?" என்று பூனைக்கண்ணன் கேட்டான்.

"பாக்கலாங்க" என்றான் படகுக்காரன். துடுப்பைப் போட்டான். வீரனும் மந்திரக்காரியும் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். அத்தோடு இன்றைக்குக் கதை முடிந்தது. தட்டுகளைக் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு பூனைக்கண்ணன் இப்போது எங்கே இருப்பான் என்று கீர்த்தனாவிடம் கேட்டேன்.

"அங்கயேதானுங்க அத்தை. ஆத்தங்கரையில."

"மழை கிழை வருமா?"

"அதை நான்தானுங்க சொல்லோணும். வராது" என்றாள்.